மூளை அலையும் இரைச்சலான கதை

2002 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த பொறியியல் மாநாடு ஒன்றில் ராமசாமி பழனியப்பன், எஸ். ஆனந்தன், ப. ரவீந்திரன் ஆகிய மூவரின் கட்டுரை இடம்பெற்றது. ரவீந்திரன் அப்போது கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகப் பொறியியல் துறையைச் சேர்ந்தவர். பழனியப்பனும் அங்கே படித்தவர்தான். மூளை ஒரு தூண்டலுக்குத் தரும் பதிலின் பதிவில் இரைச்சலையும் இ.இ.ஜி. என்னும் மூளை அலையையும் குறைக்க ஒரு வழி: கட்டுரையின் தலைப்பு சொன்னது இதைத்தான். ஹான்ஸ் பெர்கர் 1929இல் உலகுக்கு அறிவித்த மூளை அலையே, இங்கே களைய வேண்டியவற்றின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. ஒரு படத்தைக் கண்டதும் மூளை எழுப்பும் பதில் சில மைக்ரோவோல்ட்தான். அதே நேரத்தில் மூளை தன்பாட்டுக்கு ஓடவிடும் பின்னணி அலை அதைப்போலப் பல மடங்கு. கண் சிமிட்டினாலோ நூறு மைக்ரோவோல்ட்டையும் தாண்டும். கருவிழிப் பக்கம் நேர் மின்னும் விழித்திரைப் பக்கம் எதிர் மின்னுமாக விழி எப்போதும் ஒரு சிறு மின்கலம். இமை அதன்மேல் வழுக்கி இறங்கும்போது நெற்றி மின்முனைகளில் கால் நொடிக்கு ஒரு குன்று எழுந்து அடங்கும். அதைக் கண்டுபிடிப்பது எளிது. நூறைத் தாண்டிய பதிவைக் கணினியே ஒதுக்கிவிடும். இந்தக் குழுவின் ஆய்வுகளில் அப்படித்தான் செய்தார்கள். பின்னணி அலையை அப்படி ஒதுக்க முடியாது. அது இல்லாத பதிவே கிடையாது.

லண்டனில் ஜார்ஜ் டாசன் 1950களின் தொடக்கத்திலேயே ஒரு வழி காட்டியிருந்தார்: அதே தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்துச் சராசரி எடுப்பது. நூறு முறை எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். அதிலும் பாதியாக்க நானூறு முறை வேண்டும். அருமையான வழிதான். ஆனால் முதல் படத்துக்கும் நூறாவது படத்துக்கும் மூளை ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது என்று அது நம்புகிறது. சலித்துப்போன மனிதனின் மூளை அப்படி இருக்காது.

மூவரும் எடுத்தது முதன்மைக்கூறு பகுப்பாய்வு. கார்ல் பியர்சன் 1901இல் எழுதிய பழைய கணிதம். தலையில் பதித்த மின்முனைகள் எல்லாம் ஒரே சமாச்சாரத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் சொல்கின்றன. அந்த ஒப்புமையைப் பயன்படுத்தி, ஒன்றோடொன்று தொடர்பற்ற கூறுகளாகப் பதிவைப் பிரிக்கலாம். வேண்டாதவற்றை விட்டு, மற்றவற்றை மீண்டும் சேர்க்கலாம். இவர்கள் அதை இரண்டு அடுக்காகச் செய்தார்கள். எதை விடுவது என்பதில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது. அளவு மீறிச் சுத்தம் செய்தால் தேடிய பதிலும் சேர்ந்தே போய்விடும். மூளைப் பதிவைத் துலக்கும் எல்லா முறைக்கும் இந்த ஆபத்து உண்டு என்பது என் எண்ணம்.

பழனியப்பன் அந்தச் சின்னஞ்சிறு பதில்களை விடவில்லை. படம் பார்க்கும்போது எழும் மூளை அலையை வைத்தே ஆளை அடையாளம் காணும் ஆய்வை, டானிலோ மாண்டிச்சுடன் சேர்ந்து 2007இல் வெளியிட்டார். அதில் 102 பேரின் பதிவுகள் இருந்தன.