ஓஸ் வந்த பிறகு

எங்கள் பூதப்பாண்டிப் பக்கத்தில் அந்தக் காலத்தில் தண்ணீரை மூடி வைக்கும் பழக்கமே கிடையாது. குளத்தில் தேங்கும்; அதுவும் வெயிலும் காற்றும் பட்டு, மறுகாலுக்கு வழியோடு. கிணற்றில் ஓலைப்பட்டையால் கோருவோம், வேலை முடிந்ததும் பட்டையைக் கவிழ்த்து உலரவிடுவோம். கால் கழுவ வாசலில் வைக்கும் வெண்கலக் கிண்டியை ஆச்சி புளி போட்டுத் தேய்க்காமல் விடமாட்டாள்.

வயலுக்கோ ஓடும் தண்ணீர்தான். பறளியாற்று நீரைப் பழையாற்றுப் பக்கம் திருப்பிய பாண்டியன் கால் பழங்காலத்து வேலை. பிறகு பேச்சிப்பாறை அணை: திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் ஆட்சியில் 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. கட்டிய எஞ்சினியர் மிஞ்சின் துரையின் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, புத்தனாறு என்று பிரிந்துவரும் தண்ணீரை வழக்கமாக ஜூனில் திறந்து பிப்ரவரிக் கடைசியில் அடைப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமும் அதற்குள் முடிந்துவிடும். பங்குனி, சித்திரையில் நெல்லுக்குத் தண்ணீர் கேட்பாரில்லை.

வாழை அப்படியில்லை. வயல்கள் வாழைத் தோட்டமானபோது கோடையிலும் நனைக்கவேண்டி வந்தது. கிணற்றில் மோட்டார் இறங்கியது, மோட்டாருக்குப் பின்னால் ஓஸ் குழாய் வந்தது. 1926-ல் அமெரிக்காவில் வால்டோ செமோன் என்பவர் விறைப்பான பி.வி.சி.யை ரப்பர்போல் வளையவைக்கக் கண்டுபிடித்த வழிதான், எங்கள் மட்டி வாழை மூட்டுவரை நீண்டு கிடக்கிறது.

"பாட்டா, கெணத்துல யாரோ சோப்பு கரைச்சிருக்கான்" என்றான் பேரன். ஓஸிலிருந்து பிடித்த வாளியில் நுரை நின்றது. கிணற்றில் நேராகக் கோரிய தண்ணீரில் நுரையில்லை. அப்படியானால் குற்றவாளி ஓஸ்தான்.

நுரைக்கு இரண்டு வேண்டும்: காற்று கலக்கவேண்டும், குமிழியின் தோலைக் கிழியாமல் பிடிக்க ஏதாவது கரைந்திருக்கவேண்டும். காற்று முதல் பீச்சலிலேயே சேர்ந்துவிடும். கரைவது எங்கிருந்து? புது ஓஸாக இருந்தால், குழாயை வார்க்கும்போது வழுக்கலுக்காகச் சேர்த்த மெழுகு, சோப்பு வகைப் பொருள்களின் மிச்சம். ஓஸுக்குள் வெயிலில் கொதித்துக் கிடக்கும் தண்ணீர் அதை உருவி எடுக்கும். குழாயை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருளும் கொஞ்சம் கசியும். பழைய ஓஸானால் உட்சுவரில் பிடித்த வழுவழுப்பு. நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொள்ளக் கக்கும் பசை அது. அவை சாகும்போது புரதமும் கரையும். வெளிச்சம் புகும் ஓஸில் பாசியும் கூடவே. பசையும் புரதமும் குமிழியை உடையவிடாது.

நுரை ஒன்றும் புதிதல்ல. மழைக்காலத்தில் திற்பரப்பு அருவிக்குக் கீழே பாருங்கள். காட்டில் இலை அழுகிக் கரைந்த சாறு பாறையில் அடிபட்டு நுரைக்கிறது. அதை யாரும் சோப்பு என்று சொல்வதில்லை. ஆனால் ஓஸ் தண்ணீரின் முதல் வாளியைக் குடிக்காதீர்கள், குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். வாழை மூட்டில் விட்டால் போதும்.

கால்வாய் அடைத்திருக்கும் மாதங்களில்தான் ஓஸுக்கு வேலை அதிகம். இரண்டு நனைப்புக்கு நடுவே அது தண்ணீரோடு வெயிலில் கிடப்பதும் அப்போதுதான். மோட்டாரை நிறுத்தியதும் தாழ்ந்த முனையை அவிழ்த்து வடியவிடச் சொல்லியிருக்கிறேன். பேரன் மறுநாள் திரும்ப மாட்டவேண்டுமே என்று அப்படியே போட்டுவிட்டுப் போகிறான்.