காருக்குள் இருப்பவருக்குப் பாதுகாப்பு, கப்சாயில் போகிறவருக்கு?

நான் சுங்கை பினாங்கில் வளர்ந்தவன். காலை ஏழு மணிக்கு எங்கள் பகுதிச் சாலையோரம் நின்று பாருங்கள். ஜெலுத்தோங் பக்கமிருந்தும் விரைவுச்சாலைப் பக்கமிருந்தும் ஈசல் மாதிரி மோட்டார் சைக்கிள்கள் வரும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகும் நம் பிள்ளைகள் அதில் எத்தனை பேர்! கார் நிறுவனங்கள் சாலைப் பாதுகாப்புக்கு என்ன செய்தன என்ற இந்த வாரத் தலைப்பை அந்தச் சாலையோரத்தில் நின்றுதான் நான் பார்க்கிறேன்.

கதை 1958இல் தொடங்குகிறது. சீனாவிலிருந்து சிறுவனாகப் பினாங்கு வந்து, பஸ் கழுவிப் பிழைத்து, பின்னர் பெரும் தொழிலதிபரான லோ பூன் சியூ, ஹோண்டாவின் சிறிய மோட்டார் சைக்கிளை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தக் 'கப்' வண்டிதான் நம் வாயில் 'கப்சாய்' ஆனது. ஏழைக்கும் எட்டிய வாகனம் அது. தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த நம் குடும்பங்களை வேலைக்கும் பள்ளிக்கும் சுமந்தது.

அடுத்த ஆண்டே, 1959இல், சுவீடனின் வால்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் மூன்று முனை இருக்கை வாரை வடிவமைத்தார். அதைத் தன்னிடமே பூட்டி வைத்துக் காசு பார்த்திருக்கலாம். ஆனால் மற்ற கார் நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ திறந்துவிட்டது. லாபக் கணக்கு பார்க்கும் கார் உலகத்தில் இதை நான் பெரிய மனசு என்றே சொல்வேன்.

ஆனால் வார் இருந்தால் போதுமா? அணிய வேண்டுமே! மலேசியாவில் முன் இருக்கைக்கு 1979இல் சட்டம் வந்தது. பின் இருக்கைக்கு வந்தது 2009இல்தான். இடையில் முப்பது ஆண்டுகள். இன்றும் எச்சரிக்கை மணி தொல்லை தருகிறதென்று வெறும் கொக்கியை வாங்கிச் செருகிவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறோம். நாலைந்து ரிங்கிட்டில் உயிரை ஏமாற்றும் வித்தை!

1985இல் புரோட்டோன் சாகா வந்தபோது நாடே கொண்டாடியது. பினாங்குப் பாலம் திறந்ததும் அதே ஆண்டுதான். அந்தச் சாகாவில் காற்றுப்பை கிடையாது. ஜெர்மனியில் 1978லேயே போஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் பிரேக் மெர்சிடிஸ் காரில் வந்துவிட்டது. அவசரத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், வண்டியைத் திருப்ப வழிவிடும் கருவி அது. பணக்காரர் காரிலிருந்து நம் காருக்கு அது இறங்கி வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

நிலைமையை மாற்றியது விளம்பரம் அல்ல, நட்சத்திரம். 2007இல் மலேசிய சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மிரோஸ் அமைந்தது. 2011இல் அது உலக அமைப்போடு கைகோத்து ஆசியான் என்கேப் சோதனைத் திட்டத்தை உருவாக்கியது. காரை மோதவிட்டு நட்சத்திரம் கொடுத்து, முடிவைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள். வாங்குகிறவர் 'எத்தனை நட்சத்திரம்?' என்று கேட்கத் தொடங்கியதும் நிறுவனங்கள் சுறுசுறுப்பாயின. 2017இல் புதிய பெரோடுவா மைவி ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஐம்பதாயிரம் ரிங்கிட் சொச்சம் விலையுள்ள அதன் உயர் ரகத்தில், முன்னால் ஆபத்தென்றால் தானே பிரேக் பிடிக்கும் கருவியும் வந்தது. கவனியுங்கள், உயர் ரகத்தில் மட்டும். காசு குறைந்தவர் தலையிலா பாதுகாப்பைக் குறைப்பது? இது என் மனக்குறை.

பயிற்சி விஷயத்தில் ஹோண்டா முந்திக்கொண்டது. ஜப்பானின் சுசுகா பந்தயத் திடலில் 1964இல் போலீஸ் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குப் பயிற்சி தொடங்கி, 1970இல் அதற்கென்று தனிப் பிரிவே அமைத்தது. இங்கே பூன் சியூ ஹோண்டாவும் பாதுகாப்பாக ஓட்டும் பயிற்சிகளை நடத்துகிறது. நல்லதுதான். ஆனாலும் ஒருநாள் பயிற்சியும் ஒரு பனியனும் பத்தாண்டுப் பழக்கத்தை மாற்றிவிடுமா என்பது என் சந்தேகம்.

இப்போது கப்சாய்க்கு வருவோம். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். 1973இல் தலைக்கவசம் கட்டாயமானது. 1992இல் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்று விதி வந்தது. எவ்வளவு எளிய யோசனை பாருங்கள்! காரோட்டியின் கண்ணில் பட்டாலே பாதி ஆபத்து விலகும். அதன் தொடர்ச்சிதான் 2021 முதல் ஆசியான் என்கேப் செய்த மாற்றம். மோட்டார் சைக்கிளோட்டியின் பாதுகாப்புக்கென்று காருக்குத் தனி மதிப்பெண் வைத்தார்கள். பக்கக் கண்ணாடியில் தெரியாத மூலையைக் காட்டும் கருவி இருந்தால் புள்ளி கூடும். இடப்பக்கம் திரும்ப விளக்குப் போட்டதும் அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டும் கேமராவை ஹோண்டா கார்களில் பார்த்திருப்பீர்கள். நம் பிள்ளைகள் நுழைந்து வருவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தானே!

இதில் பினாங்குக்கும் பங்கு உண்டு. 2023இல் பத்து கவானில் போஷ் நிறுவனம் மின்சில்லுகளைச் சோதிக்கும் நிலையத்தைத் திறந்தது. கார்களுக்குப் போகும் சில்லுகளும் அங்கே சோதிக்கப்படுகின்றன. அப்படிப்பட்ட ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர் பலரும் ஏறுவது கப்சாயில்தான்.

கலந்துரையாடல் முடியும் நேரம், பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, மோட்டாருக்கும் அந்த ஏபிஎஸ் வந்துடுச்சுன்னு சொல்றாங்களே, நெசமா?" என்றார்.

"ஆமாங்க ஐயா. 2025 ஜனவரியிலிருந்து புது வண்டிகளுக்குக் கட்டாயம். ஆனா 150 சிசியும் அதுக்கு மேலயும் உள்ள வண்டிக்குத்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். "என்னோடது 110 தம்பி. என் பேரன் வாங்கப்போறதும் அதேதான்."