குற்றவியல் படிச்சா போலீஸ் ஆயிடலாமா?

போன ஞாயித்துக்கிழமை அக்கா போன் பண்ணினா. "உன் மருமகன் கிரிமினாலஜிதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான்டா. நீயாவது எடுத்துச் சொல்லேன்."

ஒரு தனியார் கல்லூரி, மூணு வருஷப் படிப்பு. ஃபீஸைக் கேட்டதும் எனக்கே தலை சுத்திடுச்சு. அக்கா கையில் இருப்பது ரெண்டு ஜோடி வளையல். அதுவும் பாதி நாள் அடகுக் கடையில்தான் இருக்கும். "முடிச்சா போலீஸ் வேலை நிச்சயம்"னு கல்லூரியில் வேற ஆசை காட்டி அனுப்பியிருக்காங்க.

எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: பழைய கதையைத் தோண்டறது. தோண்டினப்புறம்தான் தெரிஞ்சது, அக்கா வீட்டுக் கேள்வியை அமெரிக்கா கோடிக்கணக்கில் காசு கொட்டியே சோதிச்சுப் பார்த்திருக்கு.

கதை தொடங்குவது கலிஃபோர்னியாவில், பெர்க்லி என்கிற ஊரில். அங்கே தபால்காரரா இருந்த ஆகஸ்ட் வோல்மர் 1905-ல் தேர்தலில் நின்னு ஊர் மார்ஷல் ஆனார். 1909-ல் போலீஸ் தலைவர். மனுஷர் கல்லூரி வாசலையே மிதிக்காதவர். ஆனா போலீஸ்காரன் படிச்சவனா இருக்கணும்னு பிடிவாதம். 1916-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோடு பேசி, கோடை விடுமுறையில் குற்றவியல் பாடங்களைத் தொடங்க வெச்சார். கல்லூரிப் பசங்களைத் தேடிப் பிடிச்சு வேலைக்கு எடுத்தார். மத்த ஊர் போலீஸ் அவங்களை "காலேஜ் போலீஸ்"னு கிண்டல் பண்ணிச்சாம். அந்தக் கிண்டலுக்கு ஆளானவங்களில் ஒருத்தர், டாக்டர் பட்டம் வாங்கின ஜான் லார்சன். 1921-ல் பொய் கண்டறியும் கருவியை உருவாக்கினவர்.

இதில் ஒண்ணு கவனிக்கணும். வோல்மர் ஊரில் படிச்சவனுக்கு வேலை கிடைச்சது, ஏன்னா வேலை கொடுக்கறவரே அந்தப் படிப்பைக் கேட்டார்.

1950-ல் பெர்க்லியில் குற்றவியலுக்குத் தனிப் பள்ளியே வந்தது. வோல்மரின் சிஷ்யர் ஓ.டபிள்யூ. வில்சன்தான் அதன் தலைவர். ஆனா அதுவும் நிலைக்கலை. போலீஸையும் சிறையையும் கேள்வி கேட்ட பேராசிரியர்கள், அவங்க பின்னாடி போராட்டத்துக்கு வந்த மாணவர்கள்னு பெரிய சண்டையாகி, 1976-ல் இழுத்து மூடிட்டாங்க.

அதுக்கு நடுவுலதான் காசுக் கதை. நகரங்களில் கலவரம், ஏறிக்கிட்டே போற குற்றங்கள். 1967-ல் ஜனாதிபதி ஜான்சன் அமைத்த கமிஷன், காலப்போக்கில் எல்லா போலீஸ்காரரும் பட்டதாரியா இருக்கணும்னு சொன்னது. அடுத்த வருஷமே சட்டம் வந்தது. குற்றம், காவல் சம்பந்தமா படிக்கிற மாணவருக்கு வருஷத்துக்கு 1,800 டாலர் வரை அரசு கடன். படிச்சு முடிச்சு போலீஸிலோ சிறைத்துறையிலோ சேர்ந்தா வருஷத்துக்குக் கால்வாசி தள்ளுபடி. நாலு வருஷம் வேலை பார்த்தா கடன் காலி! வேலையில் இருந்துக்கிட்டே படிக்கிறவங்களுக்கு உதவித்தொகை தனி.

அப்புறம் என்ன, காசு வர்ற இடத்தில் கடை முளைக்கத்தானே செய்யும்? மழைக்கு முளைச்ச காளான் மாதிரி கல்லூரிக்குக் கல்லூரி குற்றவியல் துறை. 1978-ல் இதை ஆராய்ஞ்ச ஒரு குழு நல்லாவே காய்ச்சி எடுத்தது: பல இடங்களில் பயிற்சிப் பள்ளிப் பாடத்தையே பட்டம்னு விக்கறாங்க, ஓய்வு பெற்ற போலீஸ்காரங்களே வாத்தியார், யோசிக்கக் கத்துக் கொடுக்கலைன்னு. 1982-ல் பணம் கொடுத்த அமைப்பையே மூடியாச்சு. பட்டதாரி போலீஸ் கனவு? இன்னிக்கும் பெரும்பாலான அமெரிக்கக் காவல் துறைகளில் சேர பள்ளிப் படிப்பு போதும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் எஸ்.ஐ. தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் இருந்தா சரி. ஐ.பி.எஸ்.ஸுக்கும் அப்படித்தான். தடயவியல் ஆய்வகத்துக்கு வேதியியல், உயிரியல் மாதிரி அறிவியல் படிச்சிருக்கணும். கிரிமினாலஜி படிச்சவனுக்குத் தனியா கதவு திறந்து வெச்சிருக்காங்கன்னு கல்லூரி சொன்னது, போலீஸ் வேலையைப் பொறுத்தவரை கதைதான்.

அதுக்காக அந்தப் படிப்பே தண்டம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஒருத்தன் ஏன் திருடினான், சிறை அவனைத் திருத்துச்சா கெடுத்துச்சான்னு கேக்கறது பெரிய படிப்பு. "சோறு போடாது"ன்னு வீட்டில் சொல்லி, வரலாறு படிக்க ஆசைப்பட்டவனை பி.காம். சேர்த்துவிட்டாங்க. அந்த வலி எனக்கு இன்னும் இருக்கு.

ராத்திரி மருமகனைக் கூப்பிட்டுப் பேசினேன். "எந்த வேலைக்கு இந்தப் பட்டம் கட்டாயம்னு அறிவிப்பைக் காட்டச் சொல்லு. அம்மா வளையலை வெச்சுத் தொடங்காதே. அரசுக் கல்லூரியில் உளவியலோ சமூகவியலோ படி. மூணு வருஷம் கழிச்சும் ஆசை இருந்தா முதுகலையில் குற்றவியல் எடு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியத்திலும் அதுக்குன்னே துறை இருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான்: "மாமா, அந்த வோல்மர் படிக்கவே இல்லையா?"

பய புள்ள, அதை மட்டும் கரெக்டா பிடிச்சுக்கிட்டான்!