எம்.வி. பில்: குற்றமெனப்பட்ட பாடலிலிருந்து ஃபவேலாக்களின் அமைப்புவரை

பிரேசிலின் ராப் பாடகரும், அந்நாட்டின் ஃபவேலா மக்களுக்கான ‘கூஃபா’ அமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவருமான எம்.வி. பில்லின் இயற்பெயர் அலெக்ஸ் பெரெய்ரா பார்போசா. 1974இல் ரியோ டி ஜெனிரோ நகரில் பிறந்து, ‘கடவுளின் நகரம்’ எனப் பொருள்படும் சிடாஜி ஜி டெயுஸ் குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் பெயரின் முன்னெழுத்துகள் போர்த்துக்கீசிய மொழியில் ‘உண்மையின் தூதன்’ என்பதைக் குறிப்பவை.

ஒடுக்கப்பட்ட ஒருவர் தம் தெருவில் நடப்பதை உரக்கச் சொல்லும்போது, அரசு அதைச் சாட்சியமாகக் கேட்கிறதா, குற்றமாகப் பதிவு செய்கிறதா? சட்டத்தையும் சமூக விடுதலையையும் ஒருசேரப் பயில்வோர்க்கு அவருடைய வாழ்க்கை முன்வைக்கும் கேள்வி இதுவே. அக்கேள்வியை முன்னிறுத்தியே அவரது வரலாற்றை இங்கே தொகுக்கிறோம்.

பிறந்த மண்

அமெரிக்கக் கண்டங்களில் அடிமைமுறையை இறுதியாக ஒழித்த நாடு பிரேசில். 1888 மே 13 அன்று விடுதலைச் சட்டம் கையெழுத்தானபோது, விடுவிக்கப்பட்டோருக்கு நிலமோ இழப்பீடோ வழங்கப்படவில்லை. வாழ இடமற்றோர் நகரங்களின் குன்றுச் சரிவுகளிலும் சதுப்பு நிலங்களிலும் தாமே எழுப்பிக்கொண்ட குடியிருப்புகளே ஃபவேலாக்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவற்றில் ஏறத்தாழ 1 கோடியே 64 லட்சம் பேர், அதாவது நாட்டு மக்களில் 8.1 விழுக்காட்டினர் வாழ்கின்றனர். நாடு முழுவதும் கறுப்பரும் கலப்பினத்தவரும் சேர்ந்து 55.5 விழுக்காடு, ஃபவேலாக்களில் அவர்கள் 72.9 விழுக்காடு. அரசின் புள்ளியியல் நிறுவனம் இக்குடியிருப்புகளைப் பல்லாண்டுகளாக ‘இயல்புக்குக் கீழான திரள்கள்’ என்றே ஆவணங்களில் குறித்துவந்தது. அப்பெயரை நீக்கி ‘ஃபவேலாக்களும் நகர்ப்புறச் சமூகங்களும்’ என மாற்றியது 2024இல்தான். இழிவுப் பெயர்களின் அரசியலை அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

சிடாஜி ஜி டெயுஸ் சற்று வேறு வகையில் உருவான குடியிருப்பு. 1960களில் அன்றைய குவானபாரா மாநில ஆளுநர் கார்லோஸ் லசெர்டாவின் அரசு, நகரின் பிற பகுதிகளிலிருந்த ஃபவேலாக்களை அகற்றி, அங்கு வாழ்ந்தோரை மேற்கே தொலைவிலுள்ள ஜாக்கரேபகுவா பகுதிக்குக் கொண்டுசென்று குடியமர்த்தியது. வீடு கிடைத்தது, வேலை செய்த இடங்களோ எட்டாத் தொலைவுக்குப் போயின. இந்த வெற்றிடத்தில் போதைப்பொருள் வணிகம் வேரூன்றியது. பில் வளர்ந்தது இந்தச் சூழலில்தான்.

பாடலும் வழக்கும்

1998இல் வெளியான அவருடைய முதல் இசைத்தொகுப்பு, 1999இல் ‘தகவல் கடத்தல்’ என்னும் பொருள்படும் தலைப்பில் மறுபடியும் வெளியிடப்பட்டது. தம் பகுதியில் போதைப்பொருள் கடத்தப்படுவதாகச் சொல்லும் ஊடகங்களுக்கு, தாம் கடத்துவது தகவலை என்னும் எதிர்வினை அத்தலைப்பிலேயே இருந்தது.

2000இல் அவர் வெளியிட்ட ‘குன்றின் படைவீரன்’ என்னும் பாடலின் காணொளியே பெரும் சர்ச்சைக்கு உள்ளானது. போதைப்பொருள் கும்பலுக்காக ஆயுதம் ஏந்தும் ஓர் இளைஞனின் குரலில் அமைந்த பாடல் அது. ஃபவேலாக்களில் உண்மையாகவே ஆயுதமேந்தி நின்ற இளைஞர்களைக் காணொளி காட்டியது. அப்பாடலில் வெற்றிப் பெருமிதம் இல்லை; தன் சாவு அருகில் இருப்பதை அறிந்த ஒருவனின் கசப்பே நிறைந்திருக்கிறது. ஆனால் குற்றத்தைப் புகழ்ந்தார் என்று பில் மீது காவல்துறை விசாரணை தொடங்கியது.

பிரேசில் தண்டனைச் சட்டத்தின் 287ஆம் பிரிவு, குற்றச் செயலையோ குற்றம் புரிந்தவரையோ பொதுவெளியில் புகழ்வதற்கு 3 முதல் 6 மாதம் வரை சிறைக்காவல் அல்லது அபராதம் விதிக்கிறது. தண்டனை சிறிதே. எனினும் அந்தச் சிறு பிரிவு ஒரு பெரிய வேலையைச் செய்கிறது. சிறுவர் கைகளுக்குத் துப்பாக்கி எப்படி வந்தது என்னும் கேள்வியை அது ஒதுக்கிவிட்டு, அதைப் படம்பிடித்தவர் யார் என்னும் கேள்வியை முன்னே வைக்கிறது.

இப்பிரிவின் எல்லையை 2011இல் பிரேசில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கோரும் பேரணிகள் குற்றத்தைப் புகழ்வன ஆகா. அவை கூட்டம் கூடும் உரிமையாலும் கருத்துரிமையாலும் காக்கப்பட்டவை என்று அது ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் ஃபவேலா இசைமீதான கண்காணிப்பு நின்றுவிடவில்லை. 2025 மே மாதம் ரியோவின் ஃபங்க் பாடகர் எம்.சி. போசே இதே பிரிவு உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் கைது செய்யப்பட்டு, சில நாள்களில் நீதிமன்ற உத்தரவால் விடுவிக்கப்பட்டார்.

வல்லூறுகள்

பாடகர் என்ற நிலையிலிருந்து பில் அடுத்து எடுத்துவைத்த அடி ஆவணப்படம். இசை மேலாளர் செல்சோ அத்தாய்டேயுடன் சேர்ந்து 1998 முதல் பிரேசிலின் பல நகரங்களின் ஃபவேலாக்களுக்குச் சென்று, போதைப்பொருள் வணிகத்தில் பணியமர்த்தப்பட்ட சிறுவர்களைப் பதிவு செய்தார். இரவுக் காவல் நிற்கும் சிறுவனை அவ்வணிகத்தின் வழக்குமொழி ‘ஃபல்காவ்’ என்று அழைக்கிறது. வல்லூறு என்பது அதன் பொருள். படத்தின் பெயரும் அதுவே.

அப்படம் 2006 மார்ச் 19 அன்று குளோபோ தொலைக்காட்சியின் ஞாயிறு இரவு நிகழ்ச்சியான ‘ஃபன்டாஸ்டிகோ’வில், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒளிபரப்பானது. பதிவு செய்யப்பட்ட 17 சிறுவருள் 16 பேர் படம் முடிவதற்குள் இறந்துவிட்டனர். வளர்ந்து என்ன ஆக விரும்புகிறாய் என்ற கேள்விக்கு, சர்க்கஸ் கோமாளி ஆக வேண்டும் என்று பதில் சொன்ன சிறுவனும் அப்படத்தில் உண்டு.

இப்படத்தைச் சட்டத்தின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். பிரேசிலின் 1988 அரசமைப்புச் சட்டத்தின் 227ஆம் பிரிவு, குழந்தைகளின் வாழ்வையும் கல்வியையும் ‘முழு முன்னுரிமையுடன்’ காப்பது குடும்பம், சமூகம், அரசு ஆகியவற்றின் கடமை என்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 182ஆம் உடன்படிக்கை, போதைப்பொருள் கடத்தலில் குழந்தைகளை ஈடுபடுத்துவதைக் குழந்தை உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களுள் ஒன்றாக வைக்கிறது. பிரேசில் 2000இல் இதை ஏற்றது. பில்மீது விசாரணையைக் கிளப்பிய காணொளி வெளியானதும் அதே ஆண்டில்தான். உடன்படிக்கையின்படி அச்சிறுவர்கள் பாதிக்கப்பட்டோர். பொதுப்புத்தியிலோ அவர்கள் கொல்லப்படத்தக்க குற்றவாளிகள். ‘ஃபல்காவ்’ இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் காட்டியது. இருந்தும் 2015இல் பிரேசில் நாடாளுமன்றத்தின் கீழவை, கொடுங்குற்றங்களுக்கான தண்டனை வயதை 18இலிருந்து 16ஆகக் குறைக்கும் திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்தது.

பேசுபவர் யார்?

2002இல் வெளியாகி உலகப் புகழ்பெற்ற ‘சிட்டி ஆஃப் காட்’ திரைப்படம் பில்லின் ஊரைப் பற்றியது. அவ்வூரில் வளர்ந்த பாவ்லோ லின்ஸ் 1997இல் வெளியிட்ட நாவலே அதற்கு மூலம். அப்படம் குடியிருப்பு மக்கள்மீது மேலும் களங்கம் சுமத்தியது என்றும், அதனால் ஊருக்கு நன்மை ஏதும் விளையவில்லை என்றும் பில் வெளிப்படையாக விமர்சித்தார். வன்முறையைக் காட்டியதற்காக விசாரணைக்கு ஆளான அதே மனிதர், வன்முறையைக் காட்டிய படத்தை ஏன் எதிர்த்தார்? ஒரு மக்களின் துயரம் திரைக்குச் செல்லும்போது, அதனால் வரும் பெயரும் பணமும் அதிகாரமும் அம்மக்களிடம் திரும்புகின்றனவா என்பதே அவருடைய அளவுகோல்.

கூஃபா, அதாவது ‘ஃபவேலாக்களின் ஒருங்கிணைந்த மையம்’, அந்த அளவுகோலின் அமைப்பு வடிவம். பில், அத்தாய்டே, ராப் பாடகி நேகா ஜிசா ஆகியோர் அதன் நிறுவனர்களுள் அடங்குவர். ரியோவின் மதுரெய்ரா பகுதி மேம்பாலத்தின் அடியில் இயங்கிய அதன் மையம் இசை, நடனம், கூடைப்பந்து, ஒளிப்பதிவு ஆகியவற்றில் இளையோருக்குப் பயிற்சி தந்தது. பின்னர் அமைப்பு நாடெங்கும் பரவி, ஃபவேலாக்களுக்கு இடையிலான கால்பந்துப் போட்டிகளையும் நடத்தலாயிற்று. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது ‘ஃபவேலாவின் தாய்மார்’ திட்டத்தின்வழி, குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு உணவும் பண உதவியும் அளித்தது. உதவி யாருக்குத் தேவை என்பதை அந்தந்தத் தெருவினரே அறிந்திருந்தனர்.

விடை காணாத முரண்

இப்பயணத்தைப் போற்றிப் பாடுவதோடு நாம் நின்றுவிட முடியாது. பெருந்தொலைக்காட்சிகளை நெடுங்காலம் விலக்கியே வைத்தது சாவோ பாவ்லோவின் ராசியோனாய்ஸ் குழு. பில்லோ தம் படத்தை நாட்டின் மிகப் பெரிய ஊடக நிறுவனத்திடமே கொண்டுசென்றார். அதனால் கோடிக்கணக்கானோர் ஓரிரவில் அதைக் கண்டனர். அதே நிறுவனம் மறுநாள் ஃபவேலாவைக் குற்றச் செய்தியாகவே காட்டக்கூடும் என்பதும் உண்மை. பெருநிறுவன நன்கொடையில் இயங்கும் அமைப்பு அரசையும் மூலதனத்தையும் எந்த அளவுக்கு எதிர்க்க இயலும் என்பது, நம் இயக்கங்களும் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்வி. பரவலான செவிகள் வேண்டுமா, சமரசமற்ற தனிமை வேண்டுமா என்பதில் ஒரே விடை எல்லா இயக்கங்களுக்கும் பொருந்தாது. பதிவும் பயிற்சியும் முடிவெடுக்கும் உரிமையும் மக்கள் கையில் இருக்கின்றனவா என்பதே நாம் கேட்க வேண்டியது.

சட்டம் பயில்வோருக்கு

பாடலைக் குற்றமாக்கும் வழக்கம் பிரேசிலோடு முடியவில்லை. சாதி ஒழிப்பைப் பாடிய புனேயின் கபீர் கலா மஞ்ச் கலைஞர்கள் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் சிறைசென்றதை நாம் அறிவோம். இத்தகைய வழக்குகளில் நம் கையிலுள்ள கருவிகள் இரண்டு. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் (2015) உச்ச நீதிமன்றம் விவாதித்தல், ஆதரித்துப் பேசுதல், தூண்டிவிடுதல் ஆகிய மூன்றையும் பிரித்து, தூண்டுதல் என்னும் நிலையை எட்டும்போதே பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்றது. இம்ரான் பிரதாப்கடி வழக்கில் (2025) ஒரு கவிதைக்காகப் பதிவான முதல் தகவல் அறிக்கையை ரத்துசெய்து, சொற்களின் விளைவை உறுதியான மனம் படைத்தோரின் நிலையிலிருந்தே அளக்க வேண்டும் என்றது.

ஒரு பாடகர்மீது வழக்குப் பதிவாகும்போது, அப்பாடல் சொல்லும் செய்தி உண்மையா, அவ்வுண்மைக்குப் பொறுப்பானவர் யார் என்ற கேள்விகளையும் நீதிமன்றத்தின் முன் வைப்போம். ‘குன்றின் படைவீரன்’ எழுப்பிய அவ்விரு கேள்விகளுக்கும் காவல்துறை விடை தேடவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து 16 சிறுவர்களின் சாவே அவற்றை மீண்டும் நாட்டின் முன் கொண்டுவர வேண்டியிருந்தது.