பட்டுப்புரதப் படலங்கள்: வரலாறு

பட்டுப்புரதப் படலம் என்பது பட்டுப்புழுக் கூட்டின் இழையை நீர்க்கரைசலாக்கி, அதைக் கண்ணாடி, உலோகம், நெகிழி போன்ற பரப்புகளின்மேல் மெல்லிய அடுக்காகப் படியவைத்துப் பெறப்படும் பொருள். நூலாகவே அறியப்பட்டிருந்த பட்டு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படலமாகவும் பூச்சாகவும் ஆராயப்பட்டது. உடலுக்குள் வைக்கும் அயல்பொருளை உடல் ஏற்றுக்கொள்ளும்படி செய்வது எப்படி என்பதே இவ்வாய்வுகளின் முதன்மையான கேள்விகளுள் ஒன்று.

பின்னணி

பட்டு இழை புழுவின் வாயிலிருந்து வெளிவந்து இறுகும் ஒரு பசை. 1665ல் வெளிவந்த 'மைக்ரோகிராஃபியா' நூலில் ராபர்ட் ஹூக், அத்தகைய பசையைச் செயற்கையாக உருவாக்கி இழையாக இழுக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். 1865ல் எமில் கிராமர் பட்டுப்பசையிலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு 'செரின்' என்ற பெயர் வந்தது.

பட்டிழையில் இரு புரதங்கள் உள்ளன. உள்ளே வலிமை தரும் ஃபைப்ராயின். அதைச் சுற்றி ஒட்டும் பசையான செரிசின். இழையின் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கு செரிசின். பட்டுநூல் நெடுங்காலமாக அறுவைச் சிகிச்சையில் தையல் நூலாகப் பயன்பட்டு வந்தது. சிலருக்கு அதனால் ஒவ்வாமை ஏற்பட்டது. பிந்தைய ஆய்வுகள் அதற்குச் செரிசினைக் காரணமாகக் காட்டின. எனவே பசையை முழுமையாக நீக்குவது மருத்துவப் பயன்பாட்டின் முதல் நிபந்தனையாயிற்று.

அமைப்பு

1955ல் மார்ஷ், கோரி, லைனஸ் பாலிங் ஆகியோர் ஃபைப்ராயினின் அமைப்பை விளக்கினர். கிளைசின், அலனின் போன்ற சிறிய அமினோ அமிலங்கள் மீண்டும் மீண்டும் வருவதால் புரதச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு 'பீட்டா தகடு' என்னும் அமைப்பை அடைகின்றன. படலங்களின் பயன்பாடு இதையே சார்ந்திருக்கிறது. பீட்டா தகடு குறைந்த படலம் நீரில் கரையும். மிகுந்த படலம் கரையாது. மெத்தனாலில் நனைத்தோ நீராவியில் வைத்தோ இந்த அளவைக் கட்டுப்படுத்தலாம்.

கரைசலும் படலமும்

இன்று பரவலாக உள்ள முறையில் கூடுகளைச் சோடியம் கார்பனேட் கலந்த நீரில் கொதிக்கவைத்துச் செரிசினை நீக்குகிறார்கள். எஞ்சிய இழை அடர்ந்த லித்தியம் புரோமைடு கரைசலில் கரைக்கப்படுகிறது. பின் டயாலிசிஸ் வழியாக உப்பு அகற்றப்படுகிறது. கிடைக்கும் கரைசலை ஊற்றி உலர்த்தினால் ஒளி ஊடுருவும் படலம் உருவாகும். 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இத்தகைய படலங்களில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியைப் பதித்துக் குளுக்கோஸ் உணரிகளை உருவாக்கினர். நொதி செயலிழக்காமல் படலத்தில் நிலைத்தது இத்துறைக்கு முக்கியமான செய்தி.

அடுக்கடுக்கான பூச்சு

1990களின் தொடக்கத்தில் கெர்ஹார்ட் டெச்சர், நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் கொண்ட பலபடிக் கரைசல்களில் ஒரு பரப்பை மாறிமாறி முக்கி அடுக்குகளை வளர்க்கும் முறையைப் பரவலாக்கினார். 2005ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்ளான் குழுவினர் ஃபைப்ராயினைக் கொண்டு அடுக்குப் பூச்சுகளை வெளியிட்டனர். இங்கே எதிரெதிர் மின்னேற்றமுள்ள இரு பொருட்கள் தேவைப்படவில்லை. ஃபைப்ராயினின் நீர்வெறுக்கும் பகுதிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதே அடுக்குகளைப் பிணைத்தது. முக்குதல், உலர்த்துதல் என மீண்டும் மீண்டும் செய்து நானோமீட்டர் அளவில் தடிமனைக் கட்டுப்படுத்த முடிந்தது. நச்சுக் கரைப்பான்கள் இன்றி நீரிலேயே வேலை முடிவதால், எளிதில் சிதையும் புரத மருந்துகளையும் அடுக்குகளுக்குள் வைக்க வழி பிறந்தது.

மின்னணுவும் உணவும்

2010ல் ஜான் ரோஜர்ஸ், ஃபியோரென்சோ ஓமெனெட்டோ உள்ளிட்டோர் மிக மெல்லிய மின்முனை வலையைப் பட்டுப்படலத்தின்மேல் அமைத்துப் பூனையின் மூளைமேல் வைத்தனர். பட்டு கரைந்ததும் வலை மூளையின் மேடுபள்ளங்களில் படிந்தது. 2012ல் உடலுக்குள் பணி முடிந்ததும் கரையக்கூடிய மின்னணுக் கருவிகள் அறிமுகமாயின. அவற்றில் பட்டு உறையாகப் பயன்பட்டது. அதன் பீட்டா தகடுகளின் அளவு கரையும் காலத்தைத் தீர்மானித்தது.

2016ல் டஃப்ட்ஸ் குழுவினர் ஸ்ட்ராபெரிப் பழங்களை ஃபைப்ராயின் கரைசலில் முக்கி எடுத்தனர். குளிர்சாதனம் இன்றி ஒரு வாரம் வைத்தபோது பூச்சிட்ட பழங்கள் சாறும் உறுதியும் குறையாமல் இருந்தன. வாழைப்பழங்களிலும் இச்சோதனை நடந்தது.

பிற பட்டுகளும் வரம்புகளும்

இந்தியாவில் காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் எஸ்.சி. குண்டு குழுவினர் டசர் பட்டை ஆராய்ந்தனர். அதன் ஃபைப்ராயினில் செல்கள் பற்றிக்கொள்ள உதவும் ஆர்ஜினின்–கிளைசின்–அஸ்பார்ட்டிக் அமில வரிசை இயல்பாகவே உள்ளது. மல்பெரிப் பட்டின் ஃபைப்ராயினில் அது இல்லை.

பட்டு இயற்கைப்பொருள் என்பதால் ஒவ்வொரு தொகுதியும் சற்றே வேறுபடும். அதிக நேரம் கொதிக்கவைத்தால் புரதச் சங்கிலி துண்டாகிப் படலம் வலுவிழக்கும். குறைவாகக் கொதிக்கவைத்தால் செரிசின் எஞ்சும். உடலுக்குள் வைக்கும் பூச்சில் இவ்விரண்டுமே பிழை. அதனால் ஆய்வகத்தின் மிக எளிய படியான பசைநீக்கமே இத்துறையில் மிகுந்த கவனம் கோரும் படியாகவும் இருக்கிறது.