மணலுக்குள் வீடு கட்டும் உளுவை: வாங்க முன் தெரிந்திருக்க வேண்டியவை

நான் வாங்கிய முதலாவது கடல் உளுவை மூன்று கிழமையில் செத்துப்போனது. தொட்டித் தண்ணீர் தெளிவாக இருந்தது. மணல் வெள்ளையாக இருந்தது. மீனும் நாள் முழுக்க மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகத் துப்பிக்கொண்டே இருந்தது. ஓயாமல் தின்றுகொண்டிருப்பதுபோலத் தெரிந்த மீன் பட்டினியால் செத்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதம் எடுத்தது.

“இதுக்குச் சாப்பாடு போடத் தேவையில்லை, மணலிலேயே எடுத்துக்கொள்ளும்” என்று விற்றவர் சொன்னதை நான் நம்பினேன். அதே வார்த்தையை நம்பி இன்னும் பலர் இந்த மீனை வாங்குகிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் வீடுகளில் மீன்தொட்டி வைத்திருப்பது புதிதல்ல. நன்னீர் மீன்களில் கைதேர்ந்த சிலர் இப்போது கடல்மீன் தொட்டிக்கு மாறுகிறார்கள். நான் விட்ட பிழைகளை அவர்கள் விடாமல் இருக்க இந்தக் கட்டுரை உதவினால் போதும்.

எந்த உளுவை?

எங்கள் குளங்களிலும் களப்புகளிலும் பிடிபடும் உளுவையின் உறவுக்காரர்கள்தான் இவை. ஆனால் பவளப்பாறைகளுக்குப் பக்கத்து மணல்வெளியில் வாழ்பவை. கடல்மீன் கடைகளில் ‘டயமண்ட் கோபி’ என்று விற்கப்படும் மீனின் விஞ்ஞானப் பெயர் வலன்சியேனியா புயெல்லாரிஸ். வெளிறிய உடலில் செம்மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அரை அடி அளவுக்கு வளரும். இந்தப் பேரினத்துக்குப் பிரெஞ்சு மீனியலாளர் அஷீல் வலன்சியேனின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது.

இறாலோடு கூட்டாக வாழும் உளுவைகளை இவற்றோடு குழப்பக்கூடாது. அங்கே குழி தோண்டுவது கிட்டத்தட்டக் கண்பார்வையற்ற இறால். உளுவை வாசலில் காவல் நிற்கும். இறால் தன் உணர்கொம்பால் மீனைத் தொட்டபடியே வெளியே வரும். மீன் வாலை அசைத்தால் இரண்டும் உள்ளே போய்விடும். டயமண்ட் உளுவைக்கு அப்படி ஒரு கூட்டாளி இல்லை. அது தன் குழியைத் தன் வாயாலேயே தோண்டும்.

இந்தப் பேரினத்து மீன்கள் பெரும்பாலும் சோடியாக வாழும். ஒரு கல்லின் கீழே குழி அமைத்து இரவில் அதற்குள் உறங்கும். முட்டையிட்ட பின் ஆண்மீன் குழிக்குள் நின்று வாலாலும் செட்டையாலும் முட்டைகளுக்கு நீரோட்டம் கொடுக்கும். இதே பேரினத்தின் இன்னொரு இனம் குழியின் மேலே பவளத் துண்டுகளையும் பாசியையும் மணலையும் மேடாகக் குவிக்கிறது. அந்த மேடு குழிக்குள் நல்ல தண்ணீர் சுற்றிவர உதவுகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காற்றோட்டம் இல்லாத குழி உள்ளே இருப்பவருக்கு ஆபத்து என்பது மீனுக்கும் தெரிந்திருக்கிறது.

கல்லு முதல், மண் பிறகு

தொட்டி 200 லீற்றருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 250 லீற்றர் வரும். தண்ணீர் மட்டுமே 250 கிலோ. மணலும் கல்லும் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். சாதாரண மேசை தாங்காது.

மணல் 1 மில்லிமீற்றரிலும் சிறிய, முனை மழுங்கிய மணலாக இருக்கவேண்டும். கூரான பவளப் பொடி மீனின் வாயையும் செவுளையும் கிழிக்கும். ஆழம் 7 சென்றிமீற்றர் அளவு போதும். மேலே சொன்ன தொட்டிக்கு 50 கிலோவுக்கு மேல் தேவைப்படும். கடற்கரையில் அள்ளிவருவது நல்லதல்ல. எல்லாக் கரை மணலும் ஒன்றல்ல. புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணல் உலோகத் தாதுக்கள் நிறைந்தது. மீன்தொட்டிக்கென விற்கும் சுண்ணாம்புவகை மணலே பாதுகாப்பானது. அதேபோல, தொட்டிக்கு அழகு என்று பவளப்பாறையை உடைத்து எடுப்பது இலங்கையில் சட்டவிரோதம்.

என் இரண்டாவது பிழை கல் அடுக்கியதில் நடந்தது. மணலைப் பரப்பி, அதன்மேல் கற்களை அடுக்கி, இரண்டாவது உளுவையை விட்டிருந்தேன். வன்னியிலிருந்து அம்மா வந்திருந்தா. மீன் பெரிய கல்லின் கீழே தோண்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னா: “உது விழப்போகுது. அடியில கல்லை வச்சிட்டெல்லோ மண்ணைப் போட்டிருக்கோணும். மண்ணில பாரம் ஏத்தினா இறங்கும்தானே, அதுவும் கடல் மண்.”

எங்கே கற்றுக்கொண்டது என்று நான் கேட்கவில்லை. அவவும் சொல்லவில்லை. அன்றிரவே தண்ணீரை இறைத்து, மணலை ஒதுக்கி, கற்களைத் தொட்டியின் அடிக் கண்ணாடியிலேயே அசையாமல் இருத்தி, பிறகு மணலைப் போட்டோம். தோண்டும் மீன் வளர்ப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான விதி இல்லை. கல் சரிந்தால் மீனும் நசுங்கும், கண்ணாடியும் உடையும்.

தண்ணீர், வெப்பம், மின்சாரம்

கடல்நீரின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கும். அடர்த்திமானியில் 1.024 முதல் 1.026 வரை காட்டவேண்டும். கரையோரம் இருப்பவர்கள் துறைமுகம், ஆற்றுவாய், கழிவுநீர் வாய்க்கால் ஆகியவற்றுக்குத் தூரத்தில், மழையில்லாத நாளில் எடுத்த தெளிந்த கடல்நீரைப் பாவிக்கலாம். மற்றவர்கள் உப்புக் கலவையைக் கரைக்கவேண்டும். அதற்குக் கிணற்றுத் தண்ணீர் சரிவராது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பும், உரத்தால் சேர்ந்த நைத்திரேற்றும் அதிகம். குழாய்நீரில் குளோரின் இருக்கும். இப்போது ஊர்களில் விற்கப்படும் ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. தொட்டி வற்றினால் உப்பில்லாத தண்ணீரையே நிரப்புங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும்.

வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருப்பது நல்லது. சித்திரை வெயிலில் எங்கள் வீட்டுத் தொட்டி 30ஐத் தாண்டியது. சூடான நீரில் ஒக்சிசன் குறையும். நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பிவிட்டால் ஆவியாதல் கூடி இரண்டு பாகையாவது இறங்கும். தொட்டியின் மேலே வலைமூடி கட்டாயம். வெருண்ட உளுவை துள்ளி வெளியே விழும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பற்றரியில் இயங்கும் காற்றுப்பம்பி ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கவேண்டும். மின்சாரம் நின்றால் மீன் முதலில் இழப்பது ஒக்சிசன்தான்.

பசி

உளுவை மணலைத் தின்பதில்லை. மணலுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஓட்டுயிர்களையும் புழுக்களையும் சலித்தெடுக்கிறது. புதிய தொட்டியின் மணலில் அவை இல்லை. என் முதல் மீன் நாள் முழுக்க வெறும் மணலைத்தான் சலித்தது. பழைய தொட்டியில்கூட ஒரு மீன் அந்த உயிர்களைச் சில கிழமைகளில் தின்று முடித்துவிடும்.

அதனால் தொட்டியைத் தொடங்கி ஆறு மாதமாவது காத்திருங்கள். முதல் ஒன்றரை மாதத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு வரவேண்டும். அதன் பிறகு மணலில் உயிர்கள் பெருக நேரம் கொடுங்கள். மீன் வந்த பின் உறையவைத்த மைசிஸ் இறாலையோ ஆர்ட்டீமியாவையோ ஒரு குழாயால் மணலுக்குப் பக்கத்தில் விடுங்கள். ஒரு நாளில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக. செவுளுக்குப் பின்னால் வயிறு உள்வாங்கினாலோ முதுகுத் தசை ஒட்டினாலோ மீன் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். அந்த நிலை முற்றினால் மீட்பது கடினம்.

புதிய மீனை நான்கு கிழமை தனித் தொட்டியில் வைத்து வெண்புள்ளி நோய் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கண்ணாடித் தொட்டியில் இது கலங்கும். ஒரு பிளாஸ்ரிக் தட்டில் மணல் வைத்தால் ஆறுதலடையும். பிரதான தொட்டிக்கு மாற்றிய பின் சில நாட்கள் குழிக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். கல்லைக் கிளப்பிப் பார்க்காதீர்கள். பயம் தெளிந்தால் தானாக வெளியே வரும்.

வாங்க முன்

கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கமெல்லாம் அலங்கார மீன் பிடிப்பவர்கள் சுழியோடுகிறார்கள். அதிக ஆழத்தில் நெடுநேரம் நின்றுவிட்டு வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் நைதரசன் குமிழிகள் உண்டாகி மூட்டுகளையும் முள்ளந்தண்டையும் தாக்கும். நடக்க முடியாமல் போனவர்களும் இருக்கிறார்கள். தொட்டிக்கு வரும் கடல் உளுவைகள் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவை. ஒரு மனிதர் உடலைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த உயிரை மூன்று கிழமையில் சாகவிட்டதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கடையில் மீனைப் பார்த்தால் வயிறு நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கண்முன்னே சாப்பாடு போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீனை வாங்காதீர்கள். ஒரு நாளில் மூன்று தடவை சாப்பாடு போட உங்கள் வீட்டில் ஆள் இல்லையென்றால், சாப்பிடும் மீனையும் வாங்காதீர்கள்.