வன்மையில் பிறந்த சொற்கள்

இலத்தீன் மொழியில் ‘டூருஸ்’ என்னும் சொல் கடினமானது எனப் பொருள்படும். அதனோடு உறவுடைய ‘டூராரே’ என்னும் வினைக்கு இறுகச் செய்தல், நீடித்திருத்தல் என இரு பொருளும் உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அவர்தம் பிரெஞ்சு மொழி வழியே இக்குடும்பச் சொற்கள் பல ஆங்கிலத்தில் குடிபுகுந்தன.

அவற்றுள் ‘எண்டியூர்’ என்பது, இறுகச் செய்தல் என்னும் பொருளினின்று துன்பம் பொறுத்தல் என்னும் பொருளை எய்தியது. நீடித்தலைக் குறித்த பழைய வினையொன்று வழக்கிழந்த பின்னும், அதன் எச்சமாகிய ‘டியூரிங்’ இன்றும் காலத்தைச் சுட்டி வாழ்கிறது. ‘டியூரெஸ்’ என்பதோ கடுமை, சிறைவைப்பு எனப் பொருள் மாறி, அச்சுறுத்திப் பணியவைத்தலைக் குறிக்கும் சட்டச் சொல்லாயிற்று. இலத்தீனினின்று வந்த ‘ஒப்டியூரேட்’ என்பது நெஞ்சம் இறுகி இரங்காத தன்மையைச் சுட்டும்.

வன்மையைத் தன்னிடத்தே கொண்டவன் துன்பம் தாங்குகிறான். பிறர்பால் செலுத்துபவன் கொடியவனாகிறான். ஒரே வேர் இரண்டையும் ஈன்றது. தமிழிலும் ‘வன்மை’ ஆற்றலையும் கடுமையையும் ஒருங்கே குறித்தல் காண்க. சொற்பொருள் உரைக்கும் ஆசிரியர் இவ்விரு முகத்தையும் மாணவர்க்குக் காட்டுதல் நன்று; நெஞ்சுரம் எனப் புகழ்வதற்கும் கல்நெஞ்சம் எனப் பழிப்பதற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதே.